தம்பியோடு ஆகாயத்தில் ஒன்றேகால் மணித்தியாலம்

காலை பதினொன்றரைக்குக் கல்முனை மைதானத்தில் ஹெலிகொப்டர் இறங்கியது. தர்மப் பணத்தில் ஓடும் அம்புலன்ஸ் அது. தோணி தள்ளும்போது வழுக்கி விழுந்த என் தம்பி மீரானுக்குத் தலைக்குள் இரத்தம் கட்டிவிட்டது. கொழும்பில் உடனே வெட்ட வேண்டுமாம். ரோட்டு வழி முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல், தாங்கமாட்டான்.

டொக்டர் காரைதீவுப் பெண்பிள்ளை. கண் குழி விழுந்திருந்தது. அன்றைக்கு அவளுக்கு இவன் மூன்றாவது நோயாளி.

"உம்மா, எத்தன கிலோ இருப்பீங்க?"

"பொண்ணு பாக்கவா வந்த நீங்க?"

"பாரம் பாக்காம ஏத்த ஏலா உம்மா."

"அறுபத்திரெண்டு."

"இவருக்கு வாய்க்கு ஏதும் குடுத்தீங்களா? தண்ணி கிண்ணி?"

"ஒண்டுமில்ல."

பொய். குடித்தது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் இருந்தார்கள். ஆனாலும் பள்ளிவாசல் லெப்பை ஓதி ஊதித் தந்த தண்ணீரைக் குடிக்காமல் எங்கள் வீட்டு நோயாளி யாரும் ஊர் தாண்டியதில்லை. தாதி அங்கால் போன நேரம் புகட்டிவிட்டேன். எழுபத்தொரு வயதில் ஒரு சின்னப் பிள்ளையிடம் ஏச்சு வாங்க மனமில்லை.

பதினொன்று நாற்பதுக்கு எழும்பினோம். வயல் போய் மலை வந்தது. பன்னிரண்டேகாலுக்குத் தம்பிக்கு மூச்சு இழுத்தது. டொக்டர் தொண்டைக்குள் விடக் குழாயை எடுத்தாள். என் சொல்லை நம்பித்தான் அந்தக் கை போகிறது.

அவள் தோளைப் பிடித்து, காதில் கத்தினேன். "மகள், பொறுங்க. தண்ணி குடுத்த நான்."

"எவ்வளவு?"

"அரைக் கோப்ப. பத்தரைக்கு."

அவள் ஏசவில்லை. தன் சீட் பட்டியைக் கழற்றி முழங்காலில் நின்று, அவனை ஒருக்களித்துப் பிடித்தாள். வாயால் வந்த தண்ணீரையெல்லாம் மெஷினால் உறிஞ்சி எடுத்த பிறகுதான் குழாய் விட்டாள். அதன்பிறகு கொழும்பு வரைக்கும் கையால் காற்றுப் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தாள்.

"கை மாத்த ஆள் இல்லையா மகள்?"

"நீங்க இருக்கீங்களே." பிறகு சொன்னாள், "சும்மா சொன்ன. தம்பிர கையப் புடிச்சிக்கங்க."

ஒருமணிக்கு ஐந்து நிமிடம் இருக்க இறங்கினோம். அங்கே நின்ற டொக்டர், கடைசியாக எப்போது குடித்தார் என்று தமிழில் கேட்டார். அவள் வாய் திறக்குமுன் நானே சொன்னேன். பத்தரைக்கு, அரைக் கோப்பை, கொடுத்தது நான்.

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். "இத அங்கயே சொல்லியிருக்கலாமே உம்மா," என்றாள். அதற்குள் அடுத்த நோயாளிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போய்விட்டாள்.

பத்தொன்பதாம் நாள் தம்பியோடு பஸ்ஸில் திரும்பினேன். ஒன்பதரை மணித்தியாலம். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவன் தலைக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தேன். மகியங்கனை தாண்டும்போது கேட்டான்.

"ராத்தா, மேல இருந்து என்னெல்லாம் பாத்த?"

"ஒண்டும் பாக்கல்ல. அந்தப் புள்ளர கையத்தான் பாத்த."