யப்பான் சக்கரவர்த்தியும் முன்வரிசைக் கதிரையும்

பிள்ளைகளே, பெரியப்பாவின் செத்தவீட்டில் பெரியவர்கள் ஏன் மலர்வளையம் வைக்கும் இடத்துக்குச் சண்டை பிடித்தார்கள் என்று காரில் வரும்போது கேட்டீர்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், வாயால் சொன்னால் குழம்பிவிடும். அதனால் எழுதுகிறேன்.

மகளே, பள்ளிக்கூடத்துக்காக நீ யப்பானைப் பற்றிச் செய்த கட்டுரையில் இருந்துதான் தொடங்க வேண்டும். அன்று பெரியப்பா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்துவிட்டு வந்து, நமது கோலியர்ஸ் வுட் வீட்டுக் குசினியில் சாய்ந்திருந்தார். கலியாணம் கட்டாத மனிதர், எப்போதும் நம்மோடுதான் இருந்தார். நீ இங்கிலீசில் வாசிக்க, நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஐந்நூறு வருடங்களுக்கு முந்தைய கதை. யப்பானில் ஒரு இளம் சக்கரவர்த்தி. பெயருக்குத்தான் சக்கரவர்த்தி, ஆண்டது பெரிய தளபதி. அந்தத் தளபதிக்குப் பிறகு யார் என்று பிரபுக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கிழக்குப் படை, மேற்குப் படை என்று கியோட்டோ நகரத்துக்குள்ளேயே பாளையம் போட்டு வருடக்கணக்காக அடிபட்டார்கள். சக்கரவர்த்தி அரண்மனையை விட்டுத் தளபதியின் வீட்டில் போய் ஒதுங்கினார். நகரம் எரிந்தது, கோயில்கள் எரிந்தன. நிறுத்துங்கள் என்று சொல்ல அவரிடம் படை இல்லை. ஆனால் அவருடைய ஆணை மட்டும் தேவைப்பட்டது. அது யார் கையில் இருக்கிறதோ அவர்களுடைய எதிரி துரோகி.

"அந்த ஆள் விட்டிட்டுப் போகேலாதோ?" என்று பெரியப்பா கேட்டார்.

"ட்ரை பண்ணினவர் பெரியப்பா. விடேல்லை."

"ஏனாம்?"

"இறங்கிறதுக்கும் ஒரு பெரிய செரமனி வேணுமாம். அதைச் செய்ய வசதியில்லை. அவர் இருக்கிறதுதான் மற்ற ஆக்களுக்கும் நல்லமாம்."

பெரியப்பா சிரித்தார். "அப்ப அவரும் என்னைப்போலை ஒரு சங்கத் தலைவர்தான்."

"பெரியப்பா, நீங்கள் எம்பெரரா?" என்றான் உன் தம்பி.

"ஓமடா. மிச்சம் டவுனிலையிருந்து மனோர் பார்க் மட்டுக்கும் என்ரை ராச்சியம். தேர்தான் தரேல்லை, பஸ் பாஸ் தந்திருக்கிறாங்கள்."

பிறகு அவரே கேட்டார்: "கடைசியிலை என்ன நடந்தது?"

நீ தயங்கித்தான் சொன்னாய். சண்டை ஓய்ந்த பிறகும் அவர் இறங்கவில்லை. மறந்துபோன பழைய சடங்குகளைத் திரும்ப நடத்தப் பார்த்தார், பாதியும் முடியவில்லை. சக்கரவர்த்தியாகவே செத்தார். அடக்கம் செய்ய வழியில்லாமல் உடல் ஒரு மாதத்துக்கும் மேலாக அரண்மனையில் கிடந்தது.

"பாவி மனுசன்," என்றார் பெரியப்பா. "செத்தும் இறங்கேல்லை."

இனி நம் கதை. ஊரில் வாசிகசாலை கட்டுவதா, மடம் கட்டுவதா என்பதில் நமது ஊர்ச் சங்கம் இரண்டாக உடைந்தது உங்களுக்குத் தெரியும். மனோர் பார்க்காரர் ஒரு பக்கம், மிச்சம்காரர் மறுபக்கம். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் தலைவர் பெரியப்பாதான். அவரை எந்தப் பக்கம் விடுகிறதோ, அந்தப் பக்கம்தான் சங்கத்தை உடைத்தது என்று ஆகிவிடும். ஆகவே வருடத்துக்கு இரண்டு ஆண்டு விழா. இரண்டிலும் அவர் விளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, முன்வரிசை நடுக் கதிரையில் விழா முடியும்வரை இருக்க வேண்டும். தலைவர் எழும்பினால் சபை எழும்பிவிடும் என்பது நம்மவர் வழக்கம்.

சிறுநீரகம் பழுதான பிறகு அவர் விடப் பார்த்தார். மிச்சம் பக்கத்துச் செயலாளர் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். வந்து சும்மா இருந்தாக் காணும்."

"அந்த இருக்கிறதுதான் ஏலாது தம்பி."

"நீங்கள் விட்டால் உடைச்சது நாங்கள் எண்டு அவங்கள் கதை கட்டுவாங்கள். கும்பிட்டுக் கேக்கிறன் அண்ணை."

மனோர் பார்க்கில் இருந்து போன் வந்தபோது பெரியப்பா அதை என் காதில் வைத்தார். அச்சொட்டாக அதே பேச்சு, மாம்பழம் மட்டும் இல்லை.

அவர் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. "ஒருக்கா கதவடியிலை, கடைசி வரிசையிலை இருந்து, ஒரு மீன் ரோல்ஸைத் திண்டுபோட்டு, களைச்சா எழும்பி வீட்டை வரவேணும்" என்பார். அது நடக்கவில்லை. கடைசி விழாவில் அவர் கழுத்து வியர்த்து, தலை சரியச் சரிய நிமிர்ந்து இருந்தார். எழும்பி வாருங்கள் என்று அம்மா கையைக் காட்டினார். அவர் இல்லை என்று தலையாட்டினார். மேடையில் ஒருவர் அவருடைய தியாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த மாரிக் குளிருக்குள் பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதன் பிறகும் விடவில்லை. செத்தவீட்டுக்கு மிச்சம்காரர் சொன்ன நாளில் மனோர் பார்க்காரர் வரமாட்டோம் என்றார்கள். மனோர் பார்க்காரர் சொன்ன நாளில் மிச்சம்காரர் வேறொன்றுக்கு மண்டபம் எடுத்திருந்தார்கள். "நாங்கள் மட்டும் செய்வம்," என்றார் அம்மா. ஆனால் ஒரு பக்கத்தை விட்டுச் செய்தால், ஊரில் தனியாக இருக்கும் என் அக்காவின் வீட்டுப் படலை வாசலில் அந்தச் சண்டை போய் நிற்கும். அதனால் பெரியப்பா குளிர்ப்பெட்டியில் கிடந்தார். கடைசியில் இரண்டு இரங்கலுரை, இரண்டு பொன்னாடை, தலைமாட்டில் ஒரே இடத்துக்கு இரண்டு மலர்வளையம். நீங்கள் பார்த்த சண்டை அதுதான். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு விளங்காமல் கிடக்கிறது.

முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்திலும் முன்வரிசை நடுக் கதிரையை அவருக்கென்று ஒதுக்கி, அதில் அவருடைய படத்துக்கு மாலை போட்டு வைத்தார்கள். இரண்டு பக்கமும் வந்தது. அடுத்த தலைவர் யார் என்று வாசலிலேயே குசுகுசுப்புத் தொடங்கிவிட்டது. ஒருவர் என் தோளைத் தட்டி, "தம்பி, குடும்பத்துக்குள்ளை இருந்தால் நல்லம்," என்றார்.

உங்களை அம்மாவோடு காரில் ஏற்றிவிட்டு, மண்டபத்தைப் பூட்டித் திறப்பைக் கொடுப்பதற்காக நான் நின்றேன். மண்டபம் வெறுமையாக இருந்தது. மாலையைக் கழற்றினேன். படத்தோடு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில், கதவடியில் வைத்தேன். மேசையில் மிஞ்சியிருந்த ரோல்ஸ் ஒன்றைக் கடதாசியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, லைற்றை நிறுத்தினேன்.