சகலை குடும்பம் பஸ் ஏறிய நாள்

தேவசுந்தரத்துக்குச் சகலை பெனோவின் மீது பொறாமை கிடையாது. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பெனோ துபாய் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ்; மனைவி அக்ஸா, இரண்டு பிள்ளைகளோடு அல் குசைஸில் வீடு. இவர் அதே துபாயில், அல் கூஸில் ஏசி மெக்கானிக். தொழிலாளர் கேம்ப் ரூமில், அடுக்குக் கட்டிலில் மேல் கட்டில். இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

இருந்தாலும் அந்தக் குடும்பம் தென்னமெரிக்காவுக்கு டூர் போனதிலிருந்து இவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. முட்டத்துக்காரன் லீவு கிடைத்தால் சொந்த ஊர் முட்டத்துக்குப் போவான். பெருவுக்கா போவான்?

பெனோ தினமும் வாட்சப்பில் ஸ்டேட்டஸ் போட்டான். இவர் திறக்க மாட்டார். திறந்தால் பார்த்தவர்கள் வரிசையில் பெயர் விழும். பெனோ காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். பார்க்காமலும் இருக்க முடியாது. ஆகவே டூட்டி முடிந்ததும் ஊரிலிருக்கும் மனைவி லீமாவுக்குப் போன் போடுவார். அக்ஸா அவளுடைய தங்கைதானே, அவள் பார்க்கலாம். லீமா பார்த்துச் சொல்லச் சொல்ல, இவர் குறை சொல்வார்.

"மலை மேல கோட்டை கட்டியிருக்காவ. அழகுன்னா அழகு!"

"கல்லுதானே. நம்ம கடக்கரையில இல்லாத கல்லா?"

இதில் ஒரு வினை இருந்தது. தினமும் பார்த்துப் பார்த்து லீமாவுக்கு ஆசை முற்றிவிட்டது. "என்னைய ஒரு தடவ விசிட் விசாவுல கூப்பிடப்படாதா?" என்று முடிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்பது.

"இஞ்ச என்னட்டி இருக்கு? மணலும் வேக்காடும்."

உண்மையில், கூப்பிட்டு மேல் கட்டிலிலா வைப்பது? குடும்பமாகத் தங்க அவருக்குத் தெரிந்த ஒரே வீடு பெனோ வீடு. அங்கே போய்க் கேட்பதா!

அன்று மட்டும் உற்சாகமாகப் போன் போட்டார். பெனோ குடும்பத்துக்கு அன்று பெருவின் குஸ்கோ நகரிலிருந்து புனோ நகருக்கு நாள் முழுக்கப் பஸ். கோட்டை கிடையாது, போஸ் கிடையாது.

"இன்னைக்கு அவனுவ மூஞ்சியச் சொல்லு பாப்போம்."

"பஸ்ஸு ரிப்பேராம். நடுவழியில நிக்குது."

"அப்பிடியா!" என்று இவர் கத்தியதில் கீழ்க் கட்டில் செய்கு அலாவுதீன், "லாட்டரியாண்ணே?" என்று தலையை நீட்டினார்.

"பிள்ளைய அழுதுவளா?" என்று லீமாவிடம் கேட்டார்.

"இல்ல. ரோட்டோரத்துல ஒக்காந்து அவிச்ச சோளம் தின்னுதுவ. அக்ஸாவுக்கு மலைக்காத்து சேரல, தலைவலி. பெனோ மடியில படுத்திருக்கா. அவன் நெத்தியில தைலம் தேய்க்கான். மூத்தவ படம் புடிச்சிருக்கா."

தேவசுந்தரம் தேடிப் பார்த்தார். குறை அகப்படவில்லை. "என்ன தைலம்?" என்றார்.

லீமா அதைக் காதில் வாங்காமல், "கோட்டையெல்லாம் எனக்கு வேண்டாம், கேட்டியளா. இப்பிடி ஒரு பஸ்ஸு நடுவழியில நின்னாப் போதும்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அவர் ஸ்டேட்டஸைத் தானே திறந்தார். பெயர் விழட்டும். அந்த மடி, அந்தத் தலை, அந்தக் கை. மலைக்கோட்டை எரிக்காத வயிற்றை இது எரித்தது.

உடனே பெனோ போன் அடித்தான். அங்கே காற்று ஊளையிட்டது. "அண்ணே! கடைசியில பாத்துட்டியளா! நடுமலையில மாட்டிக்கிட்டோம்."

'நல்லா வேணும்' என்று வாய் வரை வந்தது. வெளியே வந்தது வேறு. "பெனோ... லீமாவ விசிட்ல கூப்பிடலாம்னு. ஒன் வீட்டுல கொஞ்ச நாளு..."

"இதுக்கா இவ்வளவு தயக்கம்? சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. நாங்க வாறது வரைக்கும் காத்து நிக்காதிய, விசாவுக்குப் போடுங்க."

ஒரு குத்தல், ஒரு இழுவை, எதுவும் இல்லை. இவ்வளவு பெரிய மனசு இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தேவசுந்தரத்துக்குப் புதிதாக ஒன்று எரிந்தது.

லீமாவை மறுபடி அழைத்து, "பாஸ்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு" என்று அதட்டினார். அவள் அழுது, மூக்கைச் சிந்தி, தங்குவது எங்கே என்று கேட்டாள்.

"அதெல்லாம் நான் ஏற்பாடு பண்ணியாச்சு" என்றார்.