காங்கோக்காரன் கொடுத்த எலி

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த என் அண்ணன், மலேரியாவில் உடம்பு உருகி, ஆப்பிரிக்காவிலிருந்து ராஜபாளையம் திரும்பினான். பெட்டி படுக்கையைவிடப் பத்திரமாக அவன் கொண்டுவந்தது ஒரு பிஸ்கட் டப்பா. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தான். உள்ளே சாம்பல் நிறத்தில், கைக்குள் அடங்குகிற ஒரு காட்டு எலி. வால் மட்டும் அணில் வால் மாதிரி புசுபுசுவென்று இருந்தது.

ஊரில் அப்போது பிளேக் பயம். எலி வளர்க்கிற வீடு என்று தெருவே முறைத்தது.

"அது இங்க இருக்கக் கூடாதுலே," என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

மறுநாளே அண்ணன் டப்பாவோடு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு வந்து நின்றான்.

"ஏட்டி, நீ வச்சுக்கிடுதியா?"

"மலையில கொண்டு விட்டுரலாம்லா அண்ணே?"

"இங்க அதுக்குச் சாதிசனம் கிடையாதுட்டி."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். காங்கோ காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிப்பாய், வயிற்றில் குண்டடிபட்டு அண்ணன் வேலை பார்த்த வார்டில் கிடந்திருக்கிறான். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. அண்ணன் கழுத்தில் சிலுவையைப் பார்த்ததும், தன் கழுத்துச் சிலுவையை இழுத்துக் காட்டிச் சிரித்தானாம். சாகிற அன்று, சட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்த எலியை எடுத்து அண்ணன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டிருக்கிறான்.

வாங்கி வைத்துக்கொண்டேன். பகலெல்லாம் சுருண்டு தூங்கும். விளக்கு வைத்ததும் வெளியே வந்து, மாம்பழத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக் கொறிக்கும். ஞாயிறுதோறும் அண்ணன் வருவான். அது அவன் சட்டைக்குள் ஏறினால்தான் அவன் முகத்தில் கொஞ்சம் களை வரும்.

ஒரு மார்கழிக் காலையில் அது விறைத்துக் கிடந்தது. சொல்லியனுப்பினேன். அண்ணன் வந்து கொல்லையில் மருதாணிச் செடியடியில் குழி தோண்டினான். மண்ணைத் தள்ளும்போது உடைந்துபோனான்.

"அவன் இன்னைக்குத்தாம்ட்டி செத்திருக்கான்."

போர் முனையிலிருந்து வந்தபின் அண்ணன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்.

அந்தச் சிப்பாய்க்கு ஒரு பூசை வைக்க வேண்டும் என்று என்னை மாதா கோயிலுக்குக் கூட்டிப் போனான்.

"இறந்தவர் பேரு?" என்று கேட்டார் சாமியார்.

அண்ணன் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டான்.

"கட்டில் நம்பர்தான் தெரியும் சாமி," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில், தூர தேசத்தில் இறந்த ஒரு சகோதரனுக்காக என்று சாமியார் வாசித்தார். யார் வீட்டு ஆள் என்று சனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் இருவரும் முழங்காலிட்டிருந்தோம். அண்ணன் கடைசிவரை தலையை நிமிர்த்தவே இல்லை.