நீந்தத் தெரிந்தவர்

போர்க்காலத்தில் அப்பா போன கப்பல் குண்டு பட்டு மூழ்கியது. அதில் அவருக்குக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. எருமப்பட்டியில் எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் கடலைப் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறுதான். கிணற்றில் அப்பாவைப் போல நீந்த ஆளில்லை. அதனால் கடல் அவரை ஒன்றும் செய்யாதாம்!

“அவனாவது முழுகறதாவது! எங்கயோ ஒருத்தியச் சேத்துக்கிட்டு இருப்பான்,” என்று அம்மா காதுபடவே சொன்னார் பெரியப்பா. ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போர் முடிந்த பிறகு, அதே கப்பலின் மேல்தளத்தில் வேலை செய்து உயிர் தப்பிய ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். பெரியப்பாவும் இருந்தார்.

“கரி போடறவங்க கப்பலோட அடியில இருப்பாங்கம்மா. தண்ணி கப்பல் பூராவும் பரவாம இருக்க, அந்த அறைக் கதவ வெளிய இருந்து அடைச்சுட்டாங்க. உள்ள தட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு,” என்றார் வந்தவர்.

“ஐயோ, தம்பி!” என்று பெரியப்பா மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.

அம்மா எழுந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்தாள்.

“வெளிய போயி அழுவுங்க, மாமா.”