மாரலி ஜெயித்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் கிளப்பில் கேரம் இறுதி ஆட்டம். தோற்றுப்போனேன். அதுவும் கரீமிடம்!

கரீமுக்கு லஸ் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை. நல்ல மனிதர்தான்... ஆனால் ஜெயித்த கோப்பையைக் கடை ஷோகேஸில் வைக்க வேண்டுமா? தினமும் டிராம் பிடிக்க நான் அந்த வழியாகத்தானே போயாக வேண்டும்? வயிறு எரிகிறது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

கடைசியில் ஆளுக்கு ஒரு காய்தான் பாக்கி. அவருடைய கறுப்புக் காய் எப்படியோ பாக்கெட் வாயில் போய் நின்றது. தட்டிவிட்டார். நடுவராக இருந்த ரிடையர்டு ஹெட்மாஸ்டர் என் தோளைத் தொட்டு, "மாரலி நீர்தான் ஓய் ஜெயிச்சீர்!" என்றார்.

தர்மப்படி, நியாயப்படி... எவ்வளவு கௌரவமான வார்த்தை! ஆனால் ஒருவர் 'மாரலி' என்று ஆரம்பித்தாலே, கைக்கு ஒன்றும் வராது என்று அர்த்தம். இல்லையா?

வீட்டுக்கு வந்ததும் இங்கிலீஷ் அகராதியைப் புரட்டினேன். மூலம் லத்தீனாம். அங்கே அந்த வேர்ச்சொல்லுக்கு 'வழக்கம்' என்றுதான் பொருளாம். ஊர் வழக்கமாக இருந்தது பிற்பாடு ஒழுக்கமாகியிருக்கிறது. என் மனைவியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "அப்போ, வழக்கப்படி தோத்துட்டேள்னுதானே சொல்லியிருக்கார்?"

அதோடு விட்டதா? நேற்று மாலை கரீமே வாசலில் வந்து நின்றார் — கையில் கோப்பை.

"ஐயரே, அந்தக் கறுப்புக் காய் தானா நகரல. என் சட்டைக் கை பட்டு நகர்ந்துச்சு. யாரும் பாக்கல... ஆனா எனக்குத் தெரியுமே! மனசு கேக்கல. இது உங்களுது, வாங்கிக்குங்க."

நான் கேட்ட நியாயம் வீடு தேடி வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது! அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். கோப்பையைத் தினம் துடைத்து வைத்திருப்பேன். இந்த மனிதர் மட்டும் எப்படி இப்படி வந்து நிற்கிறார்?

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். கை நீண்டுவிட்டது.

கோப்பை இப்போது என் அலமாரியில் இருக்கிறது. மாரலியைத்தான் கரீம் தட்டிக்கொண்டு போய்விட்டார்!