வியாழக்கிழமைச் சீனத்தி

பலேர்மோ நகரத்துப் பல்லரோ சந்தையில் மீன் விற்பவர்களுக்குச் சந்திரமதியின் பெயர் தெரியாது. ஆனால் அவள் தூரத்தில் வருவதைக் கண்டால் தராசைத் துடைத்து வைத்துவிடுவார்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணை அழுத்திப் பார்ப்பாள், கடைக்காரனின் பெருவிரல் எங்கே இருக்கிறது என்றும் பார்ப்பாள். எல்லாம் சரியாக இருந்தால்தான் அவளுக்குப் பயம் பிடிக்கும். இவ்வளவு நேர்மையாக விற்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

இப்படி ஆனதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் அவள் குமரியாக இருந்த காலத்தில் சந்திக்குச் சந்தி காவலரண். ஒரு சந்தியில் இவர்கள் சந்தேகப்பட்டார்கள், அடுத்த சந்தியில் அவர்கள் சந்தேகப்பட்டார்கள். சைக்கிள் கூடையில் இருந்த முருங்கைக்காயைக்கூட முறித்துப் பார்த்தார்கள். பிறகு கனடாவுக்கு என்று சொல்லி ஏற்றிய ஏஜென்சிக்காரன் அவளையும் புருசன் இராஜதுரையையும் சிசிலித் தீவில் இறக்கிவிட்டு, ‘கனடா கொஞ்சம் பொறுத்து’ என்றான். அந்தக் கொஞ்சம் இன்னும் முடியவில்லை. இத்தனையும் பட்ட பிறகும் ஒருத்தி உலகத்தை நம்பினால் அவளுக்குத்தான் ஏதோ கோளாறு.

பலேர்மோவில் சீசா என்ற பகுதியில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து இருவரும் இருந்தார்கள். அவள் வீடுகளும் மாடிப்படிகளும் கூட்டித் துடைத்தாள். அவர் கத்தரீனா என்ற வயதான சிஞ்ஞோராவின் வீட்டில் சமைத்து, அந்த அம்மாவைக் கைபிடித்து நடத்தினார். சந்திரமதி சைவக்காரி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றத் தமிழர்களோடு மலை ஏறிச் சாந்தா றோசலியா என்ற கிறிஸ்தவப் புனிதைக்கும் மெழுகுதிரி கொளுத்துவாள். பிள்ளையார் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. ஒரே இடத்தில் மட்டும் சொல்லிவிட்டு இருப்பது அவள் சுபாவத்துக்கு ஒத்துவராது.

இராஜதுரை வாய் செத்த மனிதர். கேட்டால் ‘ஓம்’ என்பார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அதனால் அவள்தான் கேட்பாள். எங்கே போனீர்கள், யாரோடு கதைத்தீர்கள், ஏன் சுணங்கினது, அந்தச் சேர்ட் ஏன் கசங்கினது. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி முடிக்கும்போது சோறு ஆறியிருக்கும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தொடக்கத்தில், வியாழக்கிழமை பின்னேரங்களில் சிஞ்ஞோராவைக் கால்வலிக்கு ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப் போவதாக அவர் சொல்லத் தொடங்கினார். அவளுக்கு முதலில் உறுத்தியது காற்சட்டை மடிப்பு. துவைக்கும்போது உதறினால் சின்னச் சின்ன இலைகள் விழுந்தன. எந்த ஆசுப்பத்திரியில் புதர் வளர்க்கிறார்கள்? அடுத்தது பாட்டு. வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தால் மனிதர் முகம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் பாடி அவள் கேட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை அவள் துணிந்தாள். தான் வேலை செய்யும் வீட்டிலிருந்து கத்தரீனா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். சிஞ்ஞோராவே எடுத்தார். ஆசுப்பத்திரியில் இருக்க வேண்டியவர்!

“ராஜுவா? அவன் இங்கே இல்லையே, மகளே. வியாழக்கிழமை பின்னேரம் அவனுக்கு லீவு அல்லவா? ‘ஆல்லா சினேசே’ போயிருப்பான். வேறெங்கே போவான்?” என்று இத்தாலிய மொழியில் சொல்லிச் சிரித்தார் கிழவி.

சந்திரமதியின் இத்தாலிய மொழி அடுப்படியில் படித்தது. இலக்கணத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே விதி, முன்னால் ‘லா’ வந்தால் அது பெண். சினேசே என்றால் சீனர். இரண்டையும் சேர்த்தால் என்ன வரும்? சீனத்தி! புருசன் வியாழக்கிழமைதோறும் ஒரு சீனத்தியிடம் போகிறார். அது ஊருக்கே தெரிந்திருக்கிறது. கிழவி சிரிக்கவும் செய்கிறாள்.

தொலைபேசியை வைத்தாள். மற்றவர்களைச் சந்தேகப்படும்போது ஒரு ருசி இருந்தது. இதில் ருசி இல்லை.

அந்த நாட்களில் பலேர்மோவில் சீனர்கள் குறைவு. வியா மக்வேதா என்ற தெருவில் அவர்களின் கடை ஒன்று இருந்தது. குடை, செருப்பு, பிளாஸ்டிக் பூ எல்லாம் விற்கும் கடை. இராஜதுரை போன மழைக்கு அங்கேதான் ஒரு குடை வாங்கினார். அது இப்போது அவளுக்கு நினைவு வந்தது. மறுநாளே போனாள். கடையில் ஒரு சீனப்பெண் இருந்தாள், சந்திரமதியின் வயதுதான் இருக்கும். சந்திரமதி குடைகளுக்குப் பின்னால் நின்று அவளை அளந்தாள். சிரிப்பு எப்படி, நகம் எப்படி, கையில் என்ன மோதிரம். அவள் அந்தப் பக்கம் நகர்ந்தால் இவளும் நகர்ந்தாள். கொஞ்ச நேரத்தில்தான் தெரிந்தது, சீனப்பெண்ணும் தன் பின்னாலேயே வருகிறாள் என்பது. இவள் எதையோ திருடத்தான் வந்திருக்கிறாள் என்று சீனப்பெண் நினைத்துவிட்டாள். வெளியே போகும்போது சந்திரமதியின் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னாள். உள்ளே ஒரு சீப்பும் விபூதிச் சரையும் இருந்தன.

மானம் போனாலும் ஒன்று நிச்சயமாயிற்று. இந்தப் பெண் கடையை விட்டு அசைகிற ஆள் இல்லை. ஆகவே சீனத்தி வேறொருத்தி.

மேல்மாடியில் குடியிருந்த ஜினெட் அடுத்த நெருப்பைப் பற்ற வைத்தாள். மொரீசியஸ்காரி, பூர்வீகத்தில் தமிழ், தைப்பூசத்துக்கு விரதம் இருப்பாள், ஆனால் தமிழில் ஒரு சொல் வராது. இருவரும் உடைந்த இத்தாலிய மொழியில்தான் கதைப்பார்கள்.

“உன் புருசனை மொண்டெல்லோ பஸ்ஸில் கண்டேன். ஃபவோரீத்தாத் தோப்பில் இறங்கினார்” என்றாள் ஜினெட். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அந்தத் தோப்பு நல்ல இடம் இல்லை, தெரியும்தானே? பகலிலேயே மரத்துக்குக் கீழே பெண்கள் நிற்பார்கள்.”

ஃபவோரீத்தா என்றால் என்ன அர்த்தம் என்று தான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவைக் கேட்டாள் சந்திரமதி. “அந்தக் காலத்தில் ராஜாக்களுக்கு மனைவியைவிடப் பிடித்தமானவள் ஒருத்தி இருப்பாள் அல்லவா, அவள்தான்” என்றார் அந்த அம்மா, கண்ணாடி துடைத்தபடி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆளின் பெயரும் இடத்தின் பெயரும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன.

வட இத்தாலியில் மொடெனா நகரில் இருந்த தங்கை சறோஜாவுக்கு அன்றே தொலைபேசியில் சொன்னாள். “நீ வா அக்கா, இஞ்சை வேலை இருக்கு. அந்தாளை விட்டிட்டு வா” என்று அவள் அழுதாள். சந்திரமதி அழவில்லை. ஒரு பையில் இரண்டு சேலை, தாலிக்கொடி வாங்கிய நகைக்கடைப் பெட்டி, கடவுச்சீட்டு, பெர்மேசோ என்கிற வதிவிட அனுமதி எல்லாவற்றையும் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். வரும் வியாழக்கிழமை கண்ணால் காண்பது, கண்டால் அன்றே ரயில். அவ்வளவுதான் அவள் கணக்கு. இரவில் அவர் பக்கத்தில் படுத்திருக்கும்போது மட்டும், இந்த மனிதரை விட்டுவிட்டு அங்கே போய் யாரை என்ன கேட்கப்போகிறேன் என்று யோசித்தாள்.

வியாழக்கிழமை வந்தது. “ஆசுப்பத்திரியோ?” என்று கேட்டாள். “ஓம்” என்றார். அவர் ஏறிய பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் அவள் ஏறினாள்.

தோப்புக்குப் பக்கத்தில் இறங்கினால் ஒரு வேலி, வேலிக்கு அப்பால் ஒரு கட்டடம். கோயில் தேருக்குச் சீனத் தொப்பி மாட்டியது போல ஒரு கூரை. இரு பக்கமும் சுருண்டு சுருண்டு ஏறும் படிக்கட்டுகள். பாதிச் சுவரில் காரை உதிர்ந்து சாரம் கட்டியிருந்தது. வாசலில் ஒரு காவலாளிக் கிழவர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

சந்திரமதி நேரே அவரிடம் போனாள். “சீனத்தி எங்கே?” என்றாள். கேட்டது இத்தாலிய மொழியில்தான். “தோவே லா சினேசே?”

கிழவர் பெருமையாகக் கையை விரித்தார். “இதோ நிற்கிறாளே! அழகிதானே? இருநூறு வயதாகிறது. உடம்பெல்லாம் உதிர்கிறது, திருத்துகிறோம் திருத்துகிறோம் என்று சொல்லி மூடி வைத்திருக்கிறார்கள். ஒருவரும் வருவதில்லை. உங்கள் ஆள் ஒருவர்தான் வியாழக்கிழமை தவறாமல் வந்து பார்க்கிறார்.”

சந்திரமதி கட்டடத்தைப் பார்த்தாள். கிழவரைப் பார்த்தாள். மறுபடியும் கட்டடத்தைப் பார்த்தாள். சீன மாளிகை என்பதில் மாளிகையை விழுங்கிவிட்டுச் சீனத்தி என்று மட்டும் சொல்கிற ஊர் இது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிரிப்பு வரவில்லை. கட்டடத்துக்கு உள்ளே ஒருத்தி இருக்கலாம் அல்லவா? கிழவரைத் தள்ளாத குறையாக உள்ளே நடந்தாள்.

பின்பக்கம் மாளிகையின் தோட்டம். இடுப்பளவு பச்சை வேலிகள் வளைந்து நெளிந்து ஓடின. அவற்றின் நடுவில் இராஜதுரை குனிந்து கத்தரிக்கோலால் இலை வெட்டிக்கொண்டிருந்தார். தனியாகத்தான் இருந்தார். பாடிக்கொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் பாட்டு நின்றது. “நீர் என்னெண்டு இஞ்சை?”

“ஆசுப்பத்திரிக்கு வந்தனான்” என்றாள். “டொக்டர் எங்கை?”

பின்னால் வந்த காவலாளிக்கு இருவரின் முகமும் பிடிபடவில்லை. ராணியும் வந்துவிட்டார் என்று மகிழ்ந்துபோனார். ராஜா என்ற சொல்லின் அர்த்தம் தெரிந்த நாளிலிருந்து கிழவர் இராஜதுரையை ‘றே’, அதாவது அரசர் என்றுதான் கூப்பிடுவாராம். மாளிகையைக் காட்டாமல் விடமாட்டேன் என்று இருவரையும் உள்ளே கூட்டிப் போனார்.

நேப்பிள்ஸிலிருந்து தப்பி ஓடி வந்த ஓர் அரசன் கட்டிய மாளிகை. அவன் சீனாவைக் கண்ணாலும் கண்டவன் அல்ல. சுவரெல்லாம் சீனர்கள் குடை பிடித்து நின்றார்கள். சாப்பாட்டு மண்டபத்தின் நடுவில் ஒரு வட்ட மேசை. அது தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குமாம். கீழே அடுப்படியில் தட்டுகளை வைத்துக் கயிற்றால் மேலே தூக்குவார்களாம்.

“ஏன் அப்படி?” என்று சந்திரமதி கேட்டாள். கேள்வி என்றால் அவளால் அடக்க முடியாது.

“வேலைக்காரர்கள் மேலே வந்தால் காது கொடுத்துக் கேட்பார்கள் அல்லவா? ராஜாவுக்கு ஒருவர் மேலும் நம்பிக்கை கிடையாது” என்றார் கிழவர்.

சந்திரமதி குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தாள். அந்த ராஜாவை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தட்டு எடுக்கிறவர்களுக்குக் காது உண்டு என்பதை அறிந்த ஒருவனாவது இந்த ஊரில் இருந்திருக்கிறான். ஆனால் கீழே நின்று கயிறு இழுத்தவர்கள் யார் என்று நினைத்தபோது அந்தப் பிடித்தம் பாதியில் நின்றது. நிமிர்ந்தபோது புருசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே ஒரு கல்லிருக்கையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“புதரை வெட்டுறதுக்கு ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?”

அவர் விரலில் ஒட்டியிருந்த இலையை உருட்டினார். “சொன்னா நீர் கேப்பீர். ஏன் போறியள், ஆர் கூப்பிட்டது, எவ்வளவு நேரம். இஞ்சை ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கிறேல்லை. கிழமையிலை ஒரு பின்னேரம், பதில் சொல்லாமல் இருக்கிற இடம் இது.”

அடி வாங்கியவள் போல அவள் இருந்தாள். சீனத்தி ஒருத்தி இருந்திருந்தால் தலைமயிரைப் பிடித்திருக்கலாம். இதை எங்கே பிடிப்பது?

“கட்டிலுக்குக் கீழை பை கண்டனான்” என்றார் இராஜதுரை. “பெர்மேசோவும் இருந்தது. ஆரோடையோ போகப் போறீர் எண்டு நினைச்சனான்.”

“ஐயோ! சறோஜாவிட்டைப் போகத்தான் கட்டினனான். கண்டிட்டு ஏன் கேக்கேல்லை?”

“கேட்டா நீர் சொல்லிப்போடுவீர் எண்டு பயம்.”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் தோளைத் தொடவில்லை, ஆனால் எழும்பியும் போகவில்லை. கிழவர் வாசலில் இருந்தபடி, ராஜாவும் ராணியும் ஊர் நினைவில் அழுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை இராஜதுரை சப்பாத்துப் போட்டார். சந்திரமதி முன்னறையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாக்கு நுனிவரைக்கும் வந்த கேள்வியை விழுங்கினாள். அவர் கதவைத் திறந்தார், படி இறங்கினார். காலடி பாதியில் நின்றது. திரும்பி மேலே வந்தார்.

“ஏன் இண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை?”

“என்ன கேக்கிறதுக்கு இருக்கு? போயிட்டு வாங்கோ.”

அவர் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, “அந்தப் பை எங்கை?” என்றார்.

“குசினியிலை. வெங்காயம் போட்டு வைச்சிருக்கிறன்.”

அவர் குசினிக்குப் போனார், அவளும் பின்னாலே போனாள். பையைத் திறந்து, வெங்காயத்தை விலக்கி, அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். சந்திரமதிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நான் சொன்னால் போதாதா, என்னை என்ன கள்ளி என்று நினைத்தாரா? வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருசமும் இந்த மனிதருக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

“வடிவாய்ப் பாருங்கோ” என்றாள். அவர் கையை எடுக்கும்வரை பேசாமல் நின்றாள்.