பூட்டம்மா என்று ஒரு பேர்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாகப் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பவர் என்பதால் அவருக்கு இஸ்திரியக்கா என்றே பேர். கணவர் இறந்தபோது மகளுக்கு நான்கு வயது. தனியாளாக நின்று வளர்த்தார். அந்த மகள் கதை எழுதிய முதல் படம் வெளியானதும், உடன் வேலை பார்க்கும் பெண்ணையும் இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனார்.

படத்தில் ஒரு கிழவி. இடுப்பில் சாவிக்கொத்து, வாயே திறக்கமாட்டாள். குழந்தை தனியாக இருக்கும் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். பேர் பூட்டம்மா. அவள் வந்தாலே தியேட்டர் கப்சிப்.

“என்னக்கா பேரு இது, கேள்விப்பட்டதே இல்லையே?” என்று தோழி காதைக் கடித்தாள்.

“எங்கேருந்து புடிச்சாளோ!” என்று பெருமையாகச் சிரித்தார் இஸ்திரியக்கா.

படம் முடிந்து வெளியே வந்தால், மைக்கோடு நின்ற ஒரு நிருபர், அங்கே வந்திருந்த மகளிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சின்ன வயசுல அம்மா விடியக்காலையில என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போவாங்க. கதவைத் தள்ளினா வெளியில பூட்டு கடகடன்னு ஆடும். அம்மா போனாலும் போகாம நிக்கிற இன்னொரு அம்மான்னு நெனச்சுக்கிட்டேன். பூட்டு அம்மா, பூட்டம்மா. அதுகிட்டதான் பேசிட்டிருப்பேன்.”

இஸ்திரியக்கா அங்கேயே நின்றுவிட்டார். பள்ளியில் சேர்க்கும்வரை இரண்டு வருடம், ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டுப் போய்ப் பதினொன்றுக்குத் திரும்பினால், குழந்தை போர்த்திக்கொண்டு கிடக்கும். “என் பொண்ணு சரியான தூங்குமூஞ்சி” என்று சலவைக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: “நீ தூங்கவே இல்லையா?”

“பூட்டுற சத்தத்துலயே முழிச்சுடுவேன்மா. உன் செருப்புச் சத்தம் கேட்டா ஓடிப்போய்ப் படுத்துக்குவேன்.”

“ஏண்டி அப்படி?”

“ஒரு நாள் நான் கதவுகிட்ட நின்னேன். பாத்ததும் நீ தேம்பித் தேம்பி அழுதே. அதுக்கப்புறந்தான்.”

அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. அன்று ஒரு நாள்தான் பிள்ளை விழித்திருந்தது என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தார். இல்லை, இரண்டு வருடம். தினமும் ஆறு மணி நேரம்.

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. இஸ்திரிப் பெட்டியை விரிப்பின் மேலேயே வைத்துவிட்டு நின்றார். புகை கிளம்பிய பிறகு தோழிதான் ஓடிவந்து எடுத்தாள். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, மகளைப் பிடித்து உட்காரவைத்தார்.

“அஞ்சு மணிக்கு முழிச்சு என்ன பண்ணுவே?”

“இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?”

“சொல்லு. பதினொண்ணு வரைக்கும் ஒண்ணு விடாமச் சொல்லு.”

மகள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். தலையணை நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தது. பயத்தில் நனைந்த பாவாடையைத் தானே அலசி, அவர் வருவதற்குள் ஜன்னல் கம்பியில் காயவைத்தது. அப்போது ஐந்து வயது.

இஸ்திரியக்கா மகளின் கையை விடாமல் பிடித்திருந்தார். கதை காலை எட்டு மணிக்கு வருவதற்குள்ளேயே பொழுது சாய்ந்துவிட்டது. மிச்சத்தை மறுநாள் கேட்டார்.